காகிதம் உரிந்த டப்பாக்கள்

ஓமலூருக்குப் போகும் ரயில் பாதையில், சூரமங்கலம் தாண்டி நாலாவது கேட்டில் கைலாசம் கேட்மேனாக இருந்தார். பிறந்தது ராசிபுரம். நெசவுக் குடும்பம். முப்பத்தைந்து வயது வரை குழித்தறியில் கால் வைத்துப் பிழைத்தவர். யுத்தம் வந்ததும் நூல் கிடைப்பது குறைந்து, பிறகு கிடைக்காமலே போயிற்று. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் ரயில்வேக்கு மனுப் போட்டார். மனைவி சௌந்திரமும் ஏழு வயது மகள் கமலவேணியும் அவரோடு கேட் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வீடு என்றால் ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு சமையல் மறைவும்தான். வெளியே ஒரு கிணறு. சுற்றிலும் சோளக்காடு, மேற்கே கஞ்சமலை. ஒரு நாளைக்கு நாலைந்து வண்டிகள் போகும். சந்தை நாளென்றால் மாட்டு வண்டிகள் வரும். மற்ற நேரத்தில் காற்றுதான்.

வந்த எட்டாம் மாதம் சௌந்திரத்துக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள் கிடந்து போய்விட்டாள். காரியத்துக்கு வந்த அவள் தங்கை முத்தாயம்மாள், கருமாதி முடிந்த கையோடு குழந்தையின் பாவாடை சட்டைகளை மூட்டை கட்டினாள். அவளுக்குக் குமாரபாளையத்தில் நான்கு தறியும் மூன்று பிள்ளைகளும் இருந்தன.

"நீங்க கேட்டைப் பாப்பீங்களா மாமா, புள்ளையைப் பாப்பீங்களா?" என்று கேட்டாள்.

கைலாசம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அவளையும் மகளையும் வண்டி ஏற்றிவிட்டார். ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று பின்னால் பல நாள் நினைத்துக்கொண்டார்.

அவருக்குச் சமைக்கத் தெரியாது. தெரிந்துகொள்ள மனமும் இல்லை. காலையில் ஒரு பானை ரேஷன் அரிசி வடிப்பார். வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசி. அதையே ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மத்தியானமும் சாயங்காலமும் தின்பார். கடைவீதி மூன்று மைல். ஒருத்தர் வயிற்றுக்காக அவ்வளவு தூரம் நடப்பானேன் என்று இருந்துவிட்டார்.

யுத்தம் முடிந்த வருஷம் சூரமங்கலத்துக் கடைக்காரர் ஒருவர் மிலிட்டரி டிப்போ ஏலத்தில் டப்பா உணவு எடுத்திருந்தார். வரும் வழியில் மழையில் நனைந்து டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த காகிதமெல்லாம் உரிந்துபோய்விட்டது. உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அதனால் வாங்க ஆளில்லை.

"மாட்டுக்கறி டப்பா சதுரமா இருக்குமுங்க. அதையெல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டேன். இந்த உருண்டை டப்பாவெல்லாம் காய், மீன், பால், பழம். எது எதுன்னுதான் தெரியல. அடிமாட்டு வெலைக்குத் தாரேன், எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர்.

கைலாசம் பத்துப் பெட்டி வாங்கி, சந்தை வண்டி ஒன்றில் ஏற்றிக் கேட் வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரோரம் அடுக்கினார்.

அன்று முதல் சாயங்கால வண்டி போனதும் ஒரு டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். கத்தி முனையை வைத்துக் கல்லால் தட்டித் திறப்பார். ஒரு நாள் பச்சைப் பட்டாணி. ஒரு நாள் உப்பு நீரில் மிதக்கும் மத்தி மீன். ஒரு நாள் தேன் போலக் கெட்டியான இனிப்புப் பால். தபால் வராத அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே சேதி அதுதான். என்ன வந்ததோ அதை டப்பாவிலிருந்தே கரண்டியால் அள்ளித் தின்பார். உப்பு நீரையும் சோற்றில் ஊற்றிக்கொள்வார். பால் டப்பா வந்துவிட்டால் அன்றைக்குச் சோறே வேண்டாம். வழித்து நக்கிவிட்டுப் படுத்துவிடுவார்.

நாலைந்து மாதத்தில் கால் கனத்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாக எழும்பியது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வந்தது. சிக்னல் கம்பம் வரை நடந்து போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு நாற்பது நிறையவில்லை.

அந்தத் தைப் பொங்கலுக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் குமாரபாளையம் போனார். மகளைக் கூட்டி வந்து தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் ஒரு வருஷமாக அவருக்குள் இருந்தது. பக்கத்து ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஒரு மைல்தான். எல்லாம் விசாரித்து வைத்திருந்தார்.

கமலவேணி அவரைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "வாங்கப்பா" என்றாள்.

முத்தாயம்மாளின் கண் அவர் காலில் விழுந்தது.

"என்ன மாமா, காலு இப்படி வீங்கிக் கெடக்குது?"

"நடந்து வந்தது. வேறொண்ணும் இல்ல."

"நடந்து வீங்கறதுக்கு நீங்க பழனிக்கா போய்ட்டு வாரீங்க? மொகத்தைக் கண்ணாடியில பாத்தீங்களா? என்னதான் தின்றீங்க அங்க?"

"டப்பா வாங்கி வெச்சிருக்கறேன் முத்தாயி. காய், மீனு, பாலு எல்லாம் இருக்குது."

"தகரத்துல அடைச்சதையா?" அவள் குரல் இறங்கிவிட்டது. அவர் வந்த காரியம் அவளுக்குப் புரிந்திருந்தது. "அக்கா புள்ளை எனக்குப் பாரமில்லீங்க மாமா. ஆனா உங்களுக்கே ஒழுங்கா ஒரு வாய் ஆக்கிக்கத் தெரியல. அதுக்கு என்னத்தைப் போடுவீங்க? அனுப்ப மாட்டனுங்க. கோவிச்சுக்காதீங்க."

கோபம் வரவில்லை. அவள் சொன்னது சரி என்று பட்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

திரும்பி வரும் வழியில் சூரமங்கலத்தில் இறங்கி நேரே ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அப்புசாமி என்று ஒரு கம்பவுண்டர். ஓயாமல் பேசுகிற மனுஷன், ஆனால் கைராசிக்காரர் என்று பேர். காலை அழுத்திப் பார்த்தார். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கைலாசம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"டப்பாச் சாப்பாடு தின்னா இப்படி ஆயிருமுங்களா?" என்று கேட்டார்.

"டப்பா மேல பழி போடாதீங்க. பட்டாளத்துக்காரன் அதைத் தின்னுட்டுத்தான் சண்டை போட்டான். நீங்க தின்னதுதான் தப்பு" என்றார் அப்புசாமி. "தீட்டின அரிசியில ஒண்ணுமே இல்லீங்க, வெறும் சக்கை. கைக்குத்தல் அரிசி, கம்பு, ராகி, எது கெடைக்குதோ அதுக்கு மாறுங்க. டப்பா காயில உப்புத் தண்ணி இருக்குதில்ல, அதைக் கொட்டிட்டு நல்ல தண்ணியில ரெண்டு தரம் அலசுங்க. மீனும் அப்படித்தான். இனிப்புப் பாலு மருந்தாட்டம், ஒரு கரண்டிக்கு மேல வேண்டாம். தக்காளி டப்பா கெடைச்சா விடாதீங்க, உங்கற ஈறுக்கு அதுதான் மருந்து. அதோட தெனமும் ஒரு பிடி பச்சைக் கீரை. அது டப்பாவுல வராது, நீங்கதான் தேடிக்கோணும்."

கைலாசம் எழுந்தார். அப்புசாமி கூப்பிட்டு நிறுத்தினார்.

"இன்னொண்ணு. மூடி உப்பின டப்பா, துருப்புடிச்சு ஓட்டையானது, தொறக்கறப்ப புஸ்ஸுன்னு சத்தம் போடறது, இதையெல்லாம் வாயில வெச்சுப் பாக்கக்கூட வேண்டாம். குழி தோண்டிப் பொதைச்சுருங்க. தொறந்ததைத் தகரத்துலயே வெக்காம மண்சட்டிக்கு மாத்துங்க."

வீடு வந்ததும் கைலாசம் பெட்டிகளைப் பிரித்து எல்லா டப்பாக்களையும் வெளியே எடுத்தார். உப்பியிருந்த பதினொன்றைப் புதைத்தார். மற்றவற்றை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கினார். பட்டாணி கலகலவென்றது. மீன் அசையவே இல்லை. பாகில் ஊறிய பழம் சோம்பலாக ஒரு புறமிருந்து மறு புறம் புரண்டது. அப்புறம் மூடியைத் தடவிப் பார்த்தபோது, அச்சடித்தாற்போல இங்கிலீஷ் எழுத்துகளும் எண்களும் புடைத்திருப்பது தெரிந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சேலைக் கரையில் ஓர் இழை தப்பினாலும் கண்டுபிடிக்கிற கண் அது. திறந்த டப்பாவின் மூடியையும் திறக்காத டப்பாவின் மூடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே குறி இருந்தால் ஒரே சரக்கு. கரிக்கட்டியால் அந்தக் குறிகளைச் சுவரில் வரைந்து, எதிரே பட்டாணி, கேரட், தக்காளி, மத்தி என்று தமிழில் எழுதினார். மாசி முடிவதற்குள் எந்த டப்பாவில் என்ன என்பது ஏறக்குறைய எல்லாமே தெரிந்துவிட்டது.

கீரைக்குப் பாவாயி அகப்பட்டாள். தினமும் காலையில் கூடையோடு தண்டவாளம் தாண்டிச் சூரமங்கலம் போகிற கீரைக்காரி. காலி டப்பாக்கள் அவளுக்கு வேண்டியிருந்தன. தண்ணீர் மொள்ள, விதை போட்டுவைக்க. அவற்றை எடுத்துக்கொண்டு முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ ஒரு கட்டு வைத்துவிட்டுப் போவாள்.

சமையல் சுலபமாக வந்துவிடவில்லை. கம்பஞ்சோறு அடி பிடித்தது. மத்தி மீனைக் குழம்பில் போட்டு வெகுநேரம் கொதிக்கவிட்டுக் கரைத்துவிட்டார். டப்பா மீன் ஏற்கனவே வெந்தது, கடைசியில் போட்டு இறக்கினால் போதும் என்று தானாகவே கண்டுபிடிக்க நாலு குழம்பு வீணாயிற்று. பால் பவுடர் டின் ஒன்று இருந்தது. அதைக் கரைத்துக் காய்ச்சி, பாவாயி கொண்டுவந்த உறைமோரை விட்டு வைத்தார். முதல் தடவை நீர்த்துப் போயிற்று, இரண்டாம் தடவை நாறிற்று. மூன்றாம் தடவை காலையில் மூடியைத் திறந்தபோது தயிர் கத்தி போட்டு வெட்டலாம் போல உறைந்திருந்தது. அதை யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தார். காட்டில் ஒருவரும் இல்லை.

பங்குனியில் கால் வீக்கம் வடிந்தது. ஈறில் ரத்தம் நின்றது. ஒரு கார்டு வாங்கி, "நான் இப்போது நன்றாகச் சமைக்கிறேன். வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லவும்" என்று முத்தாயம்மாளுக்கு எழுதிப் போட்டார்.

சித்திரை லீவில் அவள் கமலவேணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கைலாசம் இலை போட்டார். கைக்குத்தல் அரிசிச் சோறு, தக்காளி ரசம், முருங்கைக்கீரையும் பட்டாணியும் சேர்த்து வதக்கியது, கேரட் போட்ட பாசிப்பருப்பு, தயிர். முத்தாயம்மாள் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். அப்புறம் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். ரசம் இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டாள்.

"இது டப்பாவா?"

"சோறும் கீரையும் பருப்பும் தவிர மத்ததெல்லாம் டப்பாதான்."

"எங்க ஊட்டுலகூட இப்பத் தயிரு கெடையாதுங்க மாமா" என்றாள். கை கழுவிவிட்டு வந்து, "புள்ளை இங்க இருக்கட்டும். பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும் இருந்து பாக்கட்டும். புடிச்சுதுன்னா இங்கயே படிக்கட்டும்" என்றாள். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கைலாசம் பழ டப்பா ஒன்றைத் திறந்தார். மஞ்சளாக, வழுவழுவென்று, பாகில் கிடக்கும் பாதிப் பழங்கள். அதன் பேர் அவருக்குத் தெரியாது. அந்தக் குறி போட்டவை ஆறு இருந்தன. மகளுக்கென்று தொடாமல் வைத்திருந்தார். கமலவேணி ஒரு துண்டைத் தின்றாள். கண் விரிந்தது. இரண்டாவதை எடுக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏன் அம்மிணி, புடிக்கலியா?"

"நல்லாருக்குதுங்கப்பா. மீதியைச் சின்னம்மா ஊட்டுக்குக் கொண்டுக்கிட்டுப் போலாங்களா? குழந்தைவேலு இதைத் தின்னதே இல்ல."

குழந்தைவேல் முத்தாயம்மாளின் கடைசிப் பையன். திறந்தது தாங்காது, நீயே சாப்பிடு, போகும்போது அவனுக்கு வேறொன்று எடுத்துப் போகலாம் என்று சொன்னார். அவள் சாப்பிட்டாள்.

ஒரு மாதத்துக்கு மேல் அவள் அங்கே இருந்தாள். போட்டதை மிச்சம் வைக்காமல் உண்டாள். கன்னம் பூசினாற்போல் ஆயிற்று. கைலாசம் காலையில் எழும்போதே இன்றைக்கு என்ன ஆக்கலாம் என்று யோசித்துக்கொண்டு எழுந்தார். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னக் கற்றுக்கொண்டார். தறியில் நூல் பிரித்த விரல்களுக்கு அது பெரிய வேலையாக இல்லை.

ஆனால் அவள் பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. "போதுமுங்கப்பா", "சரிங்கப்பா", "ஆமாங்கப்பா." ஒறம்பரை வீட்டுக்கு விருந்துக்குப் போன பிள்ளை மாதிரி இருந்தாள். வண்டி வரும்போது கேட் ஓரம் நின்று கையை ஆட்டுவாள். வேகமாகப் போகிற வண்டி. யாராவது ஒருத்தர் பதிலுக்கு ஆட்டினால் அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். பாவாயி வந்தால் அவள் கூடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பி வருவாள். அக்கம்பக்கம் என்று சொல்ல வீடுகள் இல்லை. பள்ளிக்கூடத்து ஊருக்கு ஒரு நாள் கூட்டிப் போனார். லீவு நாள், பூட்டிக் கிடந்தது.

வைகாசி கடைசியில் ஒரு மத்தியானம், தண்டவாளத்தைப் பார்த்து வருவதற்காகக் கைலாசம் சிக்னல் வரை நடந்துவிட்டுத் திரும்பினார். வீட்டுக்குப் பின்னாலிருந்து பேச்சுக் குரல்கள் கேட்டன. யாரோ வந்திருக்கிறார்கள் என்று வேகமாக நடந்தவர், சுவர் மூலையில் நின்றுவிட்டார்.

கமலவேணி காலி டப்பாக்களை வரிசையாக வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆமணக்கு இலை, அதில் மண் சோறு.

"டேய் குழந்தைவேலு, நீ முன்னாலயே தின்னுட்ட. இது அக்காளுக்கு" என்றாள். உடனே குரலை மாற்றி, "எனக்குப் பத்தல, இன்னும் போடு" என்றாள். முத்தாயம்மாளின் மூத்த மகளுக்காக ஒரு குரல் அதட்டியது. சின்னம்மாவின் குரல் தறியிலிருந்து எல்லோரையும் வைதது. நடுப்பையன் எதற்கோ சிரித்தான். அத்தனையும் அவள் ஒருத்தி. அந்த ஒரு மாதத்தில் அவள் அவரிடம் பேசிய பேச்செல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

கைலாசம் சத்தமில்லாமல் முன்பக்கம் வந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்கு என்ன சேர்க்க வேண்டும், எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று ஐந்து மாதமாக ஒவ்வொன்றாக யோசித்திருந்தார். இதை யோசிக்கவில்லை. தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தெரிந்துமா அதை ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் சோறு போடும்போது கேட்டார்.

"அம்மிணி, சின்னம்மா ஊட்டுக்குப் போலாமா?"

அவள் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே அதை அடக்கிக்கொண்டாள்.

"இல்லீங்கப்பா. நான் இங்கயே இருக்கறேன்."

"ஏன் சாமி?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நான் போய்ட்டா நீங்க மறுபடியும் டப்பாவுலயே தின்னுட்டுப் படுத்துக்குவீங்கன்னு சின்னம்மா சொல்லுச்சு. காலு மறுபடி வீங்கிக்குமுங்கல்ல."

கைலாசம் சொம்பை எடுத்தார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"அதெல்லாம் முன்னாடி. இப்பத்தான் எனக்கு எல்லாம் தெரியுமே. நான் நல்லாச் சாப்பிடுவேன் கண்ணு. நீ அங்க இருந்து படி. லீவு வுட்டா ஓடி வந்துரு."

"நெசமாவே கீரை ஆக்குவீங்களா?"

"ஆக்குவேன்."

அவள் அவரையே பார்த்தாள். அப்புறம் இலையில் இருந்ததை வேகமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு, துணிகளை மடிக்க எழுந்தாள்.

பதில் ஆள் வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். சங்ககிரி வரை ரயில், அங்கிருந்து பஸ். மீதியிருந்த பழ டப்பாக்களை மூட்டையாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். பாவாயி கூடையைப் பற்றி, சிவப்புத் துண்டை ஆட்டிய பட்டாளத்துக்காரனைப் பற்றி, தயிர் நாறிப்போன கதையைப் பற்றி. அவர் அதை அவளிடம் எப்போது சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை.

குமாரபாளையத்துத் தெருவுக்குள் நுழைந்ததும் குழந்தைவேல் பார்த்துவிட்டான். "வந்துட்டாடோய்!" என்று கத்தினான். கமலவேணி மூட்டையை அப்பாவின் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

முத்தாயம்மாள் அவளைப் பார்த்தாள். தேறியிருந்த கன்னத்தையும் எண்ணெய் மின்னும் பின்னலையும் பார்த்தாள்.

"நல்லாத்தானே வெச்சிருந்திருக்கறீங்க மாமா. ஏன் கூட்டிட்டு வந்துட்டீங்க?"

"அங்க பேச்சுத் துணைக்கு ஆளில்ல முத்தாயி."

அவள் கை கழுவத் தண்ணீர் கொடுத்தாள். இலை போட்டாள். அவர் சாப்பிடும்போது பின்கட்டில் பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பழத்துக்குச் சண்டை. அதில் ஒரு சிரிப்பு தனியாகக் கேட்டது. சௌந்திரத்தின் சிரிப்புப் போலவே, மூச்சு முட்ட, நிறுத்த முடியாமல் வந்த சிரிப்பு. மகளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பது அவருக்குத் தெரியாமலே இருந்தது.

"கூப்பிடட்டுங்களா மாமா? சொல்லிட்டுப் போங்க."

"வேண்டாம். வெளையாடட்டும். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மறுநாள் காலை பாவாயி கூடையை இறக்கிவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, புள்ளையைக் காணோம்?"

"படிக்கப் போயிருச்சுங்க."

"அடடா. ஊடே வெறிச்சுன்னு ஆயிருச்சுங்களே" என்றவள், அரைக்கீரைக் கட்டொன்றை எடுத்து வைத்துவிட்டு நடந்தாள்.

கைலாசம் பத்து மணி வண்டியை அனுப்பிவிட்டு அடுப்பு மூட்டினார். சோறு வடித்தார். கீரையைக் கழுவி அரிந்தார். பட்டாணியை இரண்டு தரம் அலசிக் கீரையோடு சேர்த்து வதக்கி இறக்கிய பிறகுதான், வழக்கம்போல இரண்டு பேருக்கு ஆக்கிவிட்டோம் என்பதைக் கவனித்தார். பாதியை வேறு சட்டியில் எடுத்து மூடிச் சாயங்காலத்துக்கு வைத்தார். தனக்கென்று ஓர் இலை போட்டு, எல்லாவற்றையும் பரிமாறிக்கொண்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.